தரை இடைவெளி

என் அக்காவுக்கு ஜன்னல் திரை தரையைத் தொட வேண்டும். என் மனைவிக்குத் தொடக் கூடாது, ஓர் அங்குலம் தூக்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் புகைந்ததெல்லாம் இந்த ஓர் அங்குலத்தில்தான் என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவரவர் வீட்டில் அவரவர் அங்குலம் இருக்கும்.

வீட்டின் பின்னறைதான் தையல்கூடம். நடுவில் ஆள் படுத்து உருளக்கூடிய அளவுக்கு ஒரு வெட்டு மேசை, சுவரோரம் இரண்டு தையல் இயந்திரங்கள், ஜன்னலடியில் இஸ்திரிப் பலகை, மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் கீபோர்டுக்குள் துணித்தூசி புகுந்து புகுந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தலையணையைத் தட்டுவது போலிருக்கும். அக்கா தொடங்கிய தொழில் இது. ஜன்னல் திரை மட்டும்தான். சட்டை தைக்கக் கேட்டு யாராவது வந்தால், "நாங்க ஜன்னலுக்குத்தான் உடுப்பு தைக்கிறது" என்று வாசலோடு அனுப்பிவிடுவாள்.

இதில் இடையில் வந்தவன் நான்தான். அக்காவும் என் மனைவியும் அதற்கு முன்பே சிநேகிதிகள். வீடு வீடாகப் போய் அளவெடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று அக்கா தேடியபோது வந்து சேர்ந்தவள் இவள். ஸ்டூல் போடாமலே திரைக்கம்பியை எட்டிவிடுவாள் என்பதால் முதல் நாளே அக்கா இவளுக்கு 'நெட்டை' என்று பெயர் வைத்துவிட்டாள். இவள் அவளை 'அக்கா' என்றாள். நகமும் சதையுமாக இருந்தார்கள். ஒருத்தி வெட்டும்போது மற்றவள் துணியின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். அப்போது இருவரும் யாரையாவது பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். நான் உள்ளே போனால் சிரிப்பு சட்டென்று நின்றுவிடும். ஆகவே அது யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியும்.

பிறகு நான் நெட்டையைக் கட்டிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் கூடி முறையைச் சரிசெய்தார்கள். "இன்னும் அக்கான்னு கூப்பிட்டா எப்படி? அப்புறம் இவன் உனக்குத் தம்பியாயிடுவானே" என்று ஒரு சித்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்கா 'அண்ணி' ஆனாள். தம்பி பெண்டாட்டியை நாலு பேர் முன்னால் நெட்டை என்று கூப்பிடலாமா என்று அவளும் யோசித்து, 'வாடி போடி'யை விட்டு 'வாம்மா போம்மா'வுக்கு மாறினாள். மரியாதை கூடியது. சிரிப்பு குறைந்தது.

அந்த அங்குலம் முன்பும் இருந்ததுதான். "தரையைத் தொட்டா பெருக்கறப்போ அழுக்காகும் அக்கா" என்று இவள் சொல்வாள். "தொடாட்டி வளர்ந்த பையன் பழைய பேண்ட்டை மாட்டின மாதிரி இருக்கும், போடி" என்று அக்கா சொல்வாள். சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதே பேச்சு 'அண்ணி'யில் தொடங்கி 'போம்மா'வில் முடிந்தபோது இருவருக்கும் சுருக்கென்று தைத்தது. நேற்று வந்தவள் எனக்குத் தொழில் சொல்லித் தருகிறாள் என்று அக்காவுக்கு. நாத்தனார் அதிகாரம் என்று இவளுக்கு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளம் நான்.

நான் ஒரு கிடங்கின் அலுவலகத்தில் சரக்கு இருப்பைப் பார்த்துக்கொள்பவன். எக்செல்லில் மாக்ரோ எழுதத் தெரியும். தெரிந்த கை சும்மா இருக்குமா? காகிதத்தில் கூட்டிக் கழித்துத் துணி வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கோப்பு செய்து கொடுத்தேன். ஜன்னலின் அகலத்தையும் உயரத்தையும் போட்டால் எவ்வளவு துணி வெட்ட வேண்டும் என்று அதுவே சொல்லி, வெட்டுச் சீட்டையும் அச்சடித்துக் கொடுக்கும். கோப்பைத் திறந்தவுடன் மூன்று கட்டங்கள் வரும். சுருக்கு எவ்வளவு, அடிமடிப்பு எவ்வளவு, தரை இடைவெளி எவ்வளவு.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கோப்பைப் புதிதாக நகலெடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்த மூன்றையும் திரும்பத் தட்ட வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாக்ரோவில் 'சேவ் செட்டிங்' என்று ஒரு வரி எழுதினால், போட்ட எண்ணைக் கோப்பில் வைக்காமல் கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கும். 'கெட் செட்டிங்' என்றால் திரும்ப எடுத்து வரும். ரெஜிஸ்ட்ரி என்பது கம்ப்யூட்டர் தனக்கென்று வைத்திருக்கும் அலமாரி. அதில் பயனர் ஒவ்வொருவருக்கும் ஓர் இழுப்பறை உண்டு. கோப்பு எத்தனை மாறினாலும் இழுப்பறையில் போட்டது அப்படியே இருக்கும். மனுஷனுடைய வழக்கம் மனுஷனோடுதான் இருக்க வேண்டும், வாடிக்கையாளரோடு போகக் கூடாது என்று எனக்கு ஒரு தத்துவம்கூட உதித்தது.

தத்துவத்தில் ஒரு சின்ன ஓட்டை. எங்கள் கம்ப்யூட்டரில் பயனர் ஒருவர்தான். 'வீடு' என்று பெயர் வைத்திருந்தேன். காலையில் என் மனைவியும் மதியத்துக்கு மேல் அக்காவும் அந்த ஒரே பெயரில்தான் உள்ளே போவார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி.

காலையில் இவள் கோப்பைத் திறந்தால் தரை இடைவெளியில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். அக்கா போட்டு வைத்தது. இவள் அதை ஒன்று ஆக்குவாள். மதியம் அக்கா திறந்தால் ஒன்று. "ஓஹோ" என்பாள் அக்கா, கம்ப்யூட்டரைப் பார்த்து. பூஜ்யம் ஆக்குவாள். வாயால் நடந்த வாதம் இப்படிக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாய்ச்சண்டை என்றால் நடுவில் யாராவது ஒருத்தி சிரித்துவிடுவாள். கட்டத்துக்குள் சிரிக்க இடமில்லை. ஒரு நாள் அக்கா எண்ணைப் பார்க்காமலே சீட்டை அச்சடித்து வெட்டிவிட, நல்ல துணி ஒன்று குட்டையாகிப் போனது. மாற்றி வைத்தவள் தப்பா, பார்க்காதவள் தப்பா என்று இருவரும் என்னிடம் கேட்டார்கள். நான் மாடிக்குப் போய்விட்டேன். அன்றோடு அவர்கள் பேச்சு நின்றது.

அடுத்த விடுமுறையில் உட்கார்ந்து புதிதாக இரண்டு பயனர்களை உண்டாக்கினேன். அக்காவுக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. ஆளுக்கு ஓர் இழுப்பறை. மாக்ரோவில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் இழுப்பறையைத்தான் அது திறக்கும். புது இழுப்பறையில் ஒன்றும் இல்லாததால் முதல் தடவை கட்டங்கள் காலியாக வரும், அவரவர் எண்ணைப் போட்டால் அதற்குப் பிறகு அதுவே நிற்கும், வேறு யாரும் கை வைக்க முடியாது என்று இருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.

இந்த மாக்ரோவை நம்பலாமா என்று கம்ப்யூட்டர் இவளிடம் கேட்டது. "எழுதின ஆளையே நம்பி வந்தாச்சு, இது என்ன" என்று சொல்லி அனுமதி கொடுத்தாள். அக்கா கடவுச்சொல் வைக்கும்போது என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள்.

வீட்டில் அமைதி வந்தது. நான் மார்தட்டிக்கொண்டேன். சில நாளில்தான் அந்த அமைதியின் லட்சணம் புரிந்தது. அக்கா முன்னதாகச் சாப்பிட்டு எழுந்துவிடுவாள், இவள் பின்னால் சாப்பிடுவாள். அவரவர் வாடிக்கையாளர் அவரவருக்கு, தைப்பதும் காகிதத்தில் கட்டுவதும் கொண்டுபோய் மாட்டுவதும் அவரவரே. "வெள்ளை நூல் தீர்ந்துபோச்சுன்னு அண்ணிகிட்ட சொல்லிடுங்க" என்று இவள் என்னிடம் சொல்வாள். அண்ணி நான்கடி தள்ளி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். "பக்கத்துத் தெருக் கடையில வாங்கிக்கலாம்னு சொல்லுடா" என்பாள். நான் இருவருக்கும் நடுவில் நின்று இருவருக்கும் கேட்டதையே இருவருக்கும் சொல்வேன்.

ஒரு மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது, அக்காவின் இயந்திரத்துக்கு மேலே ஆணியில் புதிதாக ஒரு சாவி தொங்கியது.

"கடைத்தெருவுல ஒரு மாடி ரூம் பாத்திருக்கேன்" என்றாள் அக்கா, தைப்பதை நிறுத்தாமல். "அந்தப் புது நூலகத்துக்குத் திரை தைக்கிற வேலை முடிஞ்சதும் என் மிஷினை அங்க கொண்டுபோயிடலாம்னு இருக்கேன். நல்ல வெளிச்சம்."

"இப்பதான் சண்டை எதுவும் இல்லையே அக்கா."

"அதான்டா. சண்டைகூட இல்ல. நான் இங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

அக்கா இல்லாத பின்னறையை நான் பார்த்ததே இல்லை. அவள் இயந்திரத்தின் சத்தம்தான் எனக்கு வீடு. "யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னேன். என் மனைவியிடம் போய்ச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அவங்க இஷ்டம்" என்றாள். அன்று அவள் தட்டில் போட்டது அப்படியே இருந்தது.

அக்கா தன் புது அறைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் தேடிப்பிடித்தாள். கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். கோப்பு வரும், ஆனால் நீ போட்டு வைத்த எண்கள் வராது, அவை இந்தக் கம்ப்யூட்டரின் ரெஜிஸ்ட்ரியிலேயே தங்கிவிடும், நான் உள்ளே போய் அதையும் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம்" என்றாள் சட்டென்று. "நானே போட்டுக்கறேன். நீ அதுல தலையிடாத."

என் அக்காவின் பூஜ்யம் எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

நூலக வேலைதான் அந்த வருஷத்தின் பெரிய வேலை. புதிதாகக் கட்டிய வாசிப்பு அறை. நீளமான ஒரே சுவரில் வரிசையாக உயரமான ஜன்னல்கள், கீழே பளபளக்கும் மரத்தரை. வேலையைப் பங்கு போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாதி ஜன்னல் இவளுக்கு, பாதி அக்காவுக்கு என்று பிரித்தால் வாசலுக்கு நேரே இருப்பது யாருக்கு, மூலையில் மறைந்திருப்பது யாருக்கு என்று கேள்வி வரும். யாரும் கேட்கவில்லை. கேட்பார்களோ என்று நானே பயந்தேன். ஆகவே ஜன்னல் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தேன். எல்லா ஜன்னல்களின் இடது திரையும் என் மனைவிக்கு. வலது திரை அக்காவுக்கு. உலகத்தில் எந்த நீதிபதியும் இப்படி ஒரு தீர்ப்பு எழுதியிருக்க மாட்டான்.

அங்குலம் எனக்கு மறந்துபோகவில்லை. அக்காவிடம் தனியாகச் சொன்னேன்: "ரெண்டு திரையும் பக்கத்துல பக்கத்துல தொங்கும். ஏத்த இறக்கமா இருந்தா மானம் போயிடும்."

"ஒரே மாதிரிதான் வரும். நீ உன் கிடங்கைப் பாரு" என்றாள்.

இவளிடமும் சொன்னேன். "ஒரே மாதிரிதான் வரும். கவலைப்படாதீங்க" என்றாள்.

இருவரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதும், எனக்குத் தெரியாமல் எங்கோ பேசி முடிவெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

திரைகளை மாட்டும் நாளில் நானும் விடுப்பு எடுத்தேன். அந்த உயரத்துக்கு நெட்டைக்கும் எட்டாது, ஏணி வேண்டும். நூலகம் இன்னும் திறக்கப்படவில்லை. அலமாரிகள் காலியாக நின்றன. நூலகர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்ட ஓர் அம்மா, ஆளில்லாத அறையிலும் குசுகுசுவென்றே பேசினார். நான் ஏணியில் ஏறி முதல் ஜன்னலுக்கு இடது திரையைக் கோத்தேன். அப்புறம் வலதை. கீழே அக்கா ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமும் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மேலிருந்து பார்த்தால் எனக்கு இரண்டு பேரின் நெற்றியும்தான் தெரிந்தது, திரையின் அடி தெரியவில்லை.

இறங்கி வந்து பார்த்தேன். ஒன்று தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மற்றது ஓர் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு காலில் மட்டும் பேண்ட்டை மடித்துவிட்டு ஆற்றில் இறங்கப் போகிறவன் மாதிரி இருந்தது அந்த ஜன்னல்.

"இது இப்படித்தான் வருமா?" என்று கேட்டார் நூலகர்.

"இல்லம்மா, இடது வலது மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், தரையைத் தொட்டது இடது திரை. தூக்கியிருந்தது வலது. இடது என் மனைவி தைத்தது. அவள் தைத்தது தூக்கியல்லவா இருக்க வேண்டும்? நான்தான் மூட்டையை மாற்றிப் பிரித்துவிட்டேன் என்று மறுபடி ஏணியில் ஏறி இரண்டையும் கழற்றினேன். மாற்றி மாட்டினேன். இறங்கினேன். ஏற்றமும் இறக்கமும் பக்கம் மாறி நின்றன. மாற்றி மாட்டினால் மட்டம் ஆகிவிடுமா என்ன? பதற்றத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த திரையின் மூலையைப் புரட்டிப் பார்த்தாள். அக்கா மூலையைச் சாய்வாக மடிப்பாள். இவள் நேராக மடிப்பாள். இது நேராக இருந்தது.

"இது உன் தையல்" என்றாள், என் மனைவியைப் பார்த்து. பேச்சு நின்ற பிறகு அவள் இவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஆமா."

"தரையைத் தொடுது."

"ஆமா அண்ணி." இவளும் குனிந்து பக்கத்துத் திரையின் மூலையைப் பிடித்தாள். சாய்வு மடிப்பு. "உங்களுது தூக்கியிருக்கு."

நூலகர் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன்.

"நீ ஒண்ணுதானே போடுவ?" என்று கேட்டாள் அக்கா. "எத்தனை தடவை என் பூஜ்யத்தை அழிச்சிருக்க."

"அழிச்சேன். நீங்க போட்டு வெச்சதைப் பாத்தா கை தானா அழிச்சிடும். விட்டுக்கொடுத்தா தோத்த மாதிரி இருந்துச்சு." இவள் துணியை விடாமலே பேசினாள். "அப்புறம் இவர் ஆளுக்கொரு பேர் வெச்சுக் குடுத்தாரே, அன்னிக்குக் கட்டம் காலியா வந்து நின்னுச்சு. எதிர்ல யாரும் இல்ல. யார்கூடச் சண்டை போடறது? அப்பதான் நிதானமா யோசிச்சேன். நீங்க தெச்ச திரை ஒவ்வொண்ணும் கண்ணு முன்னாடி வந்துச்சு. தொட்டாத்தான் அழகுன்னு எனக்கும் தெரியும் அக்கா. பூஜ்யம்னு போட்டேன்."

அக்கா என்று சொல்லிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. என் அக்கா கவனித்தாள். முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"எனக்கும் காலியாத்தான் வந்துச்சு" என்றாள். "நீ முன்ன ஒரு தடவ, பெருக்கறவங்க ஒவ்வொரு திரையா தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பெருக்கணும், இடுப்பு என்னத்துக்கு ஆகும்னு கேட்டியே. எப்பவோ கேட்டது. அது அப்பப் போய் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணுன்னு போட்டுட்டேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. இவன்கிட்ட சொன்னா ஊரையே கூட்டுவான்."

பென் டிரைவ் கேட்ட அன்று 'அதில் தலையிடாதே' என்றது எனக்கு இப்போதுதான் விளங்கியது. ஆளுக்கொரு இழுப்பறை கொடுத்துச் சாமர்த்தியமாகப் பிரித்து வைத்தவன் நான். ஒருத்தியின் இழுப்பறையில் மற்றவளின் எண் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் சுவர் கட்டி வைத்திருந்ததால் இருவருக்கும் அது தெரியவில்லை. 'ஒரே மாதிரிதான் வரும்' என்று இருவரும் சொன்னது பொய்யில்லை.

"சரி, இப்போ எதை எப்படி மாத்தறது?" என்று கேட்டேன்.

"என்னுதை இறக்கிடறேன்" என்றாள் அக்கா. "இவ சொல்றபடி தொட்டுக்கிட்டே இருக்கட்டும்."

"இவ சொல்றபடியா? அது நீங்க சொன்னது. என்னுதைத் தூக்கிடறேன், உங்க இஷ்டப்படி இருக்கட்டும்."

"தூக்கணும்னு சொன்னது யாரு, நானா?"

"இப்ப தூக்கி வெட்டினது நீங்கதானே?"

குரல் உயர்ந்தது. முயலுக்கு மூன்று கால் என்று இத்தனை காலம் சாதித்த இருவரும் இப்போது கட்சி மாறி நின்று அதே முயலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் தயங்கித் தயங்கி, "எப்படி இருந்தாலும் எனக்குச் சரி, ரெண்டும் ஒண்ணா இருந்தா போதும்" என்றார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அரை அங்குலம்" என்றாள் அக்கா கடைசியில். "நான் அரை இறக்கறேன். நீ அரை தூக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படின்னா எல்லாத்தையும் பிரிச்சுத் தைக்கணும். ஒரு பக்கத்தை மட்டும் மாத்தினா பாதி வேலைல முடிஞ்சிடுமே."

"கணக்கு எங்களுக்கும் தெரியும். நீ ஏணியை ஓரமா வை" என்றாள் அக்கா. நெட்டை அதற்குள் தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துவிட்டாள்.

அந்த மரத்தரையில் எதிரெதிரே உட்கார்ந்து எல்லாத் திரைகளின் அடிமடிப்பையும் பிரித்தார்கள். மடித்தார்கள், ஊசி குத்தினார்கள், கையாலேயே தைத்தார்கள். முதலில் சத்தமே இல்லை. பிறகு அக்கா ஏதோ சொன்னாள், இவள் ஏதோ சொன்னாள். நான் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நூலகர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "அந்த ரெண்டு பேரையும் தூக்கிடு. பழைய மாதிரி ஒண்ணு போதும்" என்றாள். நீதான் போகப் போகிறாயே, உனக்கு எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இரண்டு பயனர்களையும் நீக்கினேன். அவர்களோடு அவர்கள் இழுப்பறையும் போனது. 'வீடு' என்ற பழைய பயனரின் இழுப்பறையில் சண்டைக் காலத்து எண்கள் கிடந்தன. 'டிலீட் செட்டிங்' என்று ஒரே ஒரு வரி எழுதி அதையும் துடைத்தேன். கட்டங்கள் காலியாக வந்தன. தரை இடைவெளியில் அரை என்று போட்டார்கள்.

அந்த அரை அப்படியே நின்றது. காலையிலும் அரை, மாலையிலும் அரை. யாரும் தொடவில்லை. இவள் அதைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி சுற்றிக்கொண்டு போனாள், அக்காவும் அப்படியே. பேசினார்கள், மரியாதையாக, வாம்மா போம்மா என்று. நூலகத்தில் கேட்ட சிரிப்பு நூலகத்தோடு நின்றுவிட்டது போலிருந்தது. நான் தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஆணியைப் பார்ப்பேன். சாவி அங்கேயேதான் இருந்தது. அக்கா மாடி ரூமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த அரை அங்குலத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

பிறகு ஒரு காலை. நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அக்கா, யார் இதைப் பூஜ்யம் ஆக்கினது?"

"நான்தான்டி நெட்டை. என்ன இப்போ?"

"அரைன்னுதானே பேச்சு?"

"அது நூலகத்துக்கு. இது படுக்கையறை. படுக்கையறைக்குத் தொட்டாத்தான் லட்சணம்."

"தொட்டா தூசிதான் லட்சணம். ஒண்ணு போடறேன்."

"போடு பாக்கலாம். மதியம் நான் வந்து மாத்தறேன்."

ஒற்றைச் செருப்போடு உள்ளே போய் எட்டிப் பார்த்தேன். இவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்று என்ற விசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் தோளுக்குப் பின்னால் கத்திரிக்கோலோடு நின்று, பழைய பேண்ட், வளர்ந்த பையன் என்று தன் பாட்டைத் தொடங்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமல் இரண்டடி நடந்து ஆணியிலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

"போற வழியில ரூம்காரர்கிட்ட இதைக் குடுத்துட்டுப் போடா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடரத் திரும்பினாள்.